வெயில் நாளின் கணக்கு

கண்டியில் ஆண்டொன்றுக்கு எத்தனை வெயில் நாட்கள் உள்ளன என்னும் வினா, எண்ணொன்றினாலே விடையிறுக்கத்தக்க எளிய வினாவாகவே முதற்கண் தோன்றும். 365 நாட்களில் வெயில் எறித்தவற்றை ஒருபுறமும் எறியாதவற்றை மறுபுறமும் ஒதுக்கிக் கூட்டிவிட்டால் விடை கிடைத்துவிடும். இதில் மெய்யியலுக்கு என்ன வேலை எனக் கேட்போரும் இருப்பர். ஆயின் இவ்வினாவை எடுத்துக்கொண்டு வளிமண்டலவியல் நூல்களைப் புரட்டுபவன் முதலில் காண்பது ஓர் எண்ணையன்று, பல எண்களை. ஒவ்வொரு கணிப்பும் ‘வெயில் நாள்’ என்பதற்குத் தனக்கெனவொரு பொருளைக் கொண்டிருக்கின்றது. எதை எண்ணுவது என்று முடிவுசெய்யாமல் எத்தனை என்று சொல்லவியலாது; எதை எண்ணுவது என்னும் முடிவோ வானத்திலிருந்து இறங்கி வருவதன்று, மனிதரால் எடுக்கப்படுவது. மனிதர் எடுக்கும் எந்த முடிவும் அறத்தின் விசாரணைக்கு உட்பட்டதே. வெயிலின் கணக்கும் அதற்கு விலக்காகாது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

முதலிற் கருவியை நோக்கலாம். 1853 ஆம் ஆண்டில் யோன் பிரான்சிஸ் கம்பெல் என்பார் மரக்கிண்ணமொன்றினுள் கண்ணாடிக் கோளத்தை வைத்து, அதனூடு குவியும் ஞாயிற்றின் கதிர் கிண்ணத்தைக் கருக்கிச் செல்லும் தடத்தைக் கொண்டு வெயிலை அளக்க முயன்றார். 1879 இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்ரோக்ஸ் அதனைத் திருத்தி, மரக்கிண்ணத்துக்குப் பதிலாக அன்றாடம் மாற்றத்தக்க அட்டை செருகப்படும் உலோகச் சட்டத்தை அமைத்தார். இருவர் பெயரையும் தாங்கிய இக்கருவி நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் பயன்பட்டு வந்துள்ளது. மையில்லை, எழுதுகோலில்லை; ஞாயிறு தன் வருகையைத் தானே அட்டையிற் சுட்டெழுதிச் செல்கின்றது. இதனினும் நடுவுநிலைமையான சாட்சி வேறுண்டோ என எண்ணத் தோன்றும். ஆனால் ஈரம் ஊறிய அட்டை எளிதிற் கருகாது. கோளத்தின்மேற் பனி படிந்த காலையில் வெயில் வந்தும் தடம் விழாது. மேகத்துண்டுகள் இடையிட்டு ஓடும் நண்பகலிலோ கருகல் பரவி, வெயிலில்லாத இடைவெளிகளையும் மூடிவிடும். மலைநாட்டின் ஈரக் காற்றில் இவை சிறு பிழைகளல்ல. பின்னாளில் உலக வளிமண்டலவியல் நிறுவனம், ஞாயிற்றின் நேர்க்கதிர் சதுர மீற்றருக்கு 120 வாற்றுக்கு மேற்பட்டிருக்கும் நேரமே வெயில் நேரம் என வரையறை செய்தது. 119 வாற்று வெயிலன்று. 121 வாற்று வெயில். முதுகிற் சூடு படும் கிழவனுக்கு இவ்விரண்டுக்குமிடையே வேற்றுமை தெரியப்போவதில்லை.

இதுவும் வெயில் மணிகளின் கணக்கேயன்றி வெயில் நாட்களின் கணக்கன்று. எத்தனை மணி வெயில் எறித்தால் ஒரு நாள் வெயில் நாளாகும்? சில நாடுகளில் மேகத்தின் பரப்பே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பகல் வானத்தின் பத்துப் பங்கில் மூன்று பங்குக்கு மேல் மேகம் மூடாத நாள் தெளிந்த நாளெனப் பட்டது. வேறு சிலர் மழையில்லா நாளெல்லாம் வெயில் நாளே என்று எளிமையாக முடித்துவிடுவர். அப்போது மழை நாள் எது என்னும் வினா எழும். இந்தியாவில் 2.5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெய்தாலன்றி அது மழை நாளாகாது. பிரித்தானியரின் பழைய வழக்கிலோ அங்குலத்தின் நூறிலொரு பங்கு போதும். ஏறத்தாழ கால் மில்லிமீற்றர். ஒரே தூறலின் கீழ் இருவர் நிற்க, ஒருவருடைய ஏட்டில் அது மழை நாள், மற்றவருடைய ஏட்டில் மழையற்ற நாள்.

கண்டியின் வானமோ இவ்வரையறைகளை மேலும் அலைக்கழிப்பது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 முதல் 2000 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நகரில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து நாட்கள் ஒருவகை. அப்போது நாள் முழுவதும் ஹந்தானை மலைமுடி புகாருக்குள் மறைந்து கிடக்கும், தூறல் விழுவதும் நிற்பதுமாக இருக்கும். தை, மாசியின் நாட்கள் வேறொருவகை. ஆனால் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் இடைப்பருவ நாட்களே ஆராய்ச்சிக்குரியன. காலையில் மகாவலியின் மேற் படிந்த வெண்புகார் எட்டு மணிக்குள் கலைந்துவிடும். பத்து மணிக்கு உடவத்தகலைக் காட்டின் இலைகள் மினுங்கும். நண்பகல் வெயில் பேராதனை வீதியின் தாரை இளக்கும். இரண்டு மணிக்குத் தெற்கே மேகம் திரண்டு, மூன்றரைக்கு இடியுடன் கொட்டத் தொடங்கி, ஐந்தரைக்கு நின்று, அந்தி வெயில் மீண்டும் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். இந்நாள் வெயில் நாளா, மழை நாளா? வெயிலட்டை ஆறு மணி நேரத் தடத்தைக் காட்டும். மழைமானி 40 மில்லிமீற்றரைக் காட்டும். இரண்டும் உண்மை. ‘நாள்’ என்னும் பெயருக்கு ஒரே பண்பைத்தான் சூட்டவேண்டும் என்று பிடிவாதம் செய்வது எண்ணுபவனேயன்றி வானமன்று.

நாளென்பதுதான் எங்கே தொடங்குகின்றது? வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைக்கணக்கில் ஒருநாள் என்பது காலை 8.30 மணியிலிருந்து மறுநாட் காலை 8.30 மணி வரையுள்ள 24 மணி நேரம். பஞ்சாங்கத்தில் நாள் ஞாயிற்றின் உதயத்தோடு தொடங்கும். கடிகாரத்தில் நள்ளிரவோடு தொடங்கும். தொல்காப்பியம் காலத்தை ஆண்டாகவும் நாளாகவும் மட்டும் வகுத்துவிடாமல், பெரும்பொழுது, சிறுபொழுது என்று வகுத்து, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஒவ்வொரு சிறுபொழுதையும் நிலத்தோடும் ஒழுக்கத்தோடும் பொருத்தியது நினைக்கத்தக்கது. கண்டியின் இடைப்பருவ நாளை அளக்க அச்சிறுபொழுதுக் கணக்கே ‘வெயில் நாள்’ என்னும் முரட்டுக் கணக்கைவிடப் பொருத்தமானது போலும். எனினும் அதையும் அப்படியே எடுத்தாளவியலாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளும் தமிழகத்து நிலத்திற் கண்டவை. இரு பருவக்காற்றுகளிடையே கிடக்கும் கண்டி மலைக்கு அவை முற்றாகப் பொருந்தா. தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் சொற்களைச் சுமந்து வந்தனர். அச்சொற்களுக்குரிய வானம் இங்கிருக்கவில்லை.

கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிற் கிரேக்கத்தில் வாழ்ந்த இயூபுலிடிசு என்பாரோடு சார்த்திச் சொல்லப்படும் குவியற் புதிர் இங்கு நினைவுக்கு வரும். ஒரு மணி தானியம் குவியலாகாது; இரண்டும் ஆகா; ஒவ்வொன்றாய்ச் சேர்த்தால் எந்த மணியில் அது குவியலாகின்றது? மேகத்தை ஒவ்வொரு துணுக்காய்ச் சேர்த்தால் எத்துணுக்கில் வெயில் நாள் மழை நாளாகின்றது? அளவைநூலார் இப்புதிரைச் சொற்களின் தெளிவின்மை பற்றியதொரு சிக்கலாகக் கொண்டு நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அறிவியலாரின் விடை சுருக்கமானது: எங்காவது ஒரு கோடு போடு, போட்ட கோட்டை மாற்றாதே. கோடு எங்கிருப்பினும் நன்றே. அது அசையாதிருந்தால் இவ்வாண்டை முன்னாண்டோடும், கட்டுகஸ்தோட்டையை வட்டவளையோடும் ஒப்பிடலாம்.

இவ்விடையை எளிதிற் புறக்கணிக்கலாகாது. அது பெரிதும் சரியானது. 30 ஆண்டுகளின் சராசரியை வழமையெனக் கொண்டு, ஓர் ஆண்டு அதிலிருந்து எவ்வளவு விலகியது எனக் காணும் காலநிலை ஆய்வாளனுக்கு, கோடு இருக்குமிடம் பெரும் பொருட்டன்று. 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா போன்ற இடங்களிற் பழங்காலந்தொட்டுப் பேணப்பட்ட அளவீடுகள் இல்லையெனின், மலைநாட்டின் காலநிலை மாறுகின்றதா என்று இன்று வாதிடுவதற்கே இடமிருந்திராது. கோட்டைக் குறைகூறுவது எளிது. கோடின்றி வாழ்வது அரிது.

ஆயின் அவ்விடை ஓர் எல்லைக்குள் மட்டுமே செல்லும். எண் ஏட்டிலே கிடக்கும்வரை கோடு எங்கிருந்தாலும் ஒன்றே. எண்ணை எடுத்து ஒருவனுடைய கூலியோடோ, உயிரோடோ கட்டும்போது கோட்டின் இடம் ஒருவனுக்கு ஆதாயமும் மற்றவனுக்கு நட்டமும் ஆகின்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து மாலைப் பத்திரிகையொன்று, 1910 ஆம் ஆண்டிலிருந்து, தன் இதழ் அச்சேறுமுன் வெயில் தோன்றாத நாட்களில் இதழை இலவசமாக வழங்குவதாக அறிவித்துப் பல்லாண்டு காலம் அதனை நிறைவேற்றியும் வந்தது. நகரின் வெயிலைப் புகழ்ந்து வெளியூராரை வரவழைப்பதே நோக்கம். ஒரு கணம் வெயில் எட்டிப்பார்த்தாலும் அது வெயில் நாள், பத்திரிகைக்குக் காசு. அங்கே கோட்டின் இடத்தால் எவரும் பட்டினி கிடக்கவில்லையாதலின் அஃது ஒரு நல்ல வேடிக்கையாயிற்று. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் அதே வினா வேடிக்கையன்று.

தேயிலை மலையில் ஒரு நாளின் பொருள் இருவேறு ஏடுகளில் எழுதப்படுகின்றது. இலங்கையின் மழைமானிகளுட் பல தோட்டங்களிலேயே உள்ளன. தோட்ட அலுவலர் காலைதோறும் அளவைக் குறித்து வைப்பதாலேயே மலைநாட்டு மழையின் வரலாறு இந்நாட்டுக்குக் கிடைத்துள்ளது. அது முதல் ஏடு. இரண்டாவது ஏடு செக்ரோல். அதிலே அந்நாளில் ஒருத்திக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்பது பதியப்படும். முழுப்பேருக்கு இத்தனை கிலோகிராம் கொழுந்து என ஒரு நிறை உண்டு. பல தோட்டங்களில் அது 18 கிலோகிராமை ஒட்டியது. இந்நிறை பெரும்பாலும் ஒரு சராசரி நாளை மனத்திற் கொண்டு வகுக்கப்படுகின்றது. அந்தச் சராசரி நாளோ வருடத்தில் மிக அருமையாகவே வருவது.

மழை நாளை எடுத்துக்கொள்வோமாயின், கம்பளியைத் தலையிற் போட்டு, இடுப்பிற் படங்கைச் சுற்றிக்கொண்டு சரிவிலே நிற்பவளுக்குக் கால் வழுக்கும், அட்டை ஏறும், விரல் விறைக்கும். கூடையிற் சேரும் கொழுந்தோ நீரைச் சுமந்து கனக்கும். மடுவத்தில் நிறுக்கும்போது அந்நீருக்கென ஒரு கழிவு வெட்டப்படும். நீரைக் கொழுந்தென விலைக்குக் கொள்ள முடியாதென்பது நியாயமே. ஆயினும் அவள் மலையிலிருந்து சுமந்து இறக்கியது அந்நீரையுந்தான். கழிவு எவ்வளவென்பதை முடிவு செய்பவர் தராசுக்கு இப்புறம் நிற்பவர்; அப்புறம் நிற்பவளுக்கு அதனைச் சரிபார்க்கும் வழியில்லை. சில கிலோக்கள் இவ்வாறு கழிய, நிறை குறைந்து முழுப்பேர் அரைப்பேராவதுண்டு.

வெயில் நாள் அவளுக்கு உவப்பானதாய் இருக்குமென்று எண்ணுவதும் பிழை. மழையின்றித் தொடர்ந்து பல வாரம் எறிக்கும் தை, மாசி வெயிலில் தேயிலை துளிர்க்காது, கொழுந்து முற்றிப்போகும். காலையிலிருந்து மாலை வரை மலையைச் சுற்றி வந்தாலும் கூடை நிறையாது. மழையில் நிறை வெட்டப்படுகின்றது, வெயிலில் நிறை விளைவதேயில்லை. இரண்டு நாட்களிலும் அவள் உழைத்த நேரம் ஒன்று, நடந்த தூரம் ஒன்று. 2021 ஆம் ஆண்டில் நாட்கூலி ஆயிரம் ரூபாவென வேதனச் சபை வாயிலாக விதிக்கப்பட்டபோது நாடு முழுவதும் அந்த ஆயிரத்தைப் பற்றியே பேசிற்று. ‘நாள்’ என்னும் சொல்லைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். எந்த நாளுக்கு ஆயிரம்? கிலோ நிறைந்த நாளுக்கு. அது நிறைவதும் நிறையாததும் வானத்தையும் பொறுத்தது.

இங்கே எதிர்வாதமொன்றையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். வானம் எவருக்கும் கட்டுப்பட்டதன்று. அதன் நட்டத்தை யாராவது ஏற்றே ஆகவேண்டும். உற்பத்திச் செலவு மிகுந்து, உலகச் சந்தை விலை தம் கையில் இல்லாத நிலையில் நிறுவகத்தார் மட்டும் ஏன் ஏற்கவேண்டும்? நிறையளவு இல்லையெனிற் சோம்பியிருப்பவளுக்கும் உழைப்பவளுக்கும் வேறுபாடு எங்ஙனம் காண்பது? இவ்வாதத்தில் உண்மை உண்டு. அளவின்றி ஒரு தொழிலும் நடவாது. ஆனால் இவ்வாதம் நிறுவுவது அளவு வேண்டும் என்பதையே. சராசரி நாளின் அளவே எல்லா நாளுக்கும் வேண்டும் என்பதை அது நிறுவவில்லை. சராசரி நாளைக் கொண்டு நிறை வகுப்பவன், சராசரியல்லாத ஒவ்வொரு நாளின் குறையையும் கொழுந்து கொய்பவளின் குறையாக மாற்றிவிடுகின்றான். வானத்தின் செயல் அவளுடைய சோம்பலாக ஏட்டில் ஏறுகின்றது. அநீதி இருப்பது அளவிலன்று, இந்த மாற்றத்தில்.

சில தோட்டங்களில் விளைச்சற் காலத்துக்கேற்ப நிறையை ஏற்றி இறக்குவதுண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஏறும் வேகம் இறங்கும்போது இல்லை என்பது தொழிலாளர் குறை. எவ்வாறாயினும் இங்கு வியக்கத்தக்கது வேறொன்று. மழையேடும் செக்ரோலும் ஒரே அலுவலகத்தில், ஒருவேளை ஒரே அலுமாரியிலேயே இருக்கின்றன. ஒன்று அந்நாள் எப்படிப்பட்ட நாள் என்பதைச் சொல்லும். மற்றது அந்நாளில் அவள் எவ்வளவு கொய்தாள் என்பதைச் சொல்லும். இரண்டையும் பக்கத்திற் பக்கம் விரித்துப் பார்த்தால் எந்தக் குறை வானத்தினது, எந்தக் குறை கையினது என்பது பெருமளவு விளங்கிவிடும். அதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. அவ்வாறு பார்ப்பதற்கு ஒருவர் விரும்பவேண்டும், அவ்வளவே.

எண்ணுவதற்கு விரும்பிய பொருளும் எண்ண விரும்பாத பொருளும் ஒரு சமுதாயத்தின் அறத்தைக் காட்டும். ஞாயிற்றுக் கடிகையொன்றின்மேற் பொறிக்கப்பட்டிருந்த, தெளிந்த பொழுதுகளை மட்டுமே தான் எண்ணுவதாகக் கூறும் இலத்தீன் வாசகத்தைப் பற்றி, வில்லியம் ஹஸ்லிற் 1827 இல் ஒரு கட்டுரை வரைந்தார். துன்பத்தை மறந்து இன்பத்தை மட்டும் நினைவிற் கொள்ளும் மனத்தின் இலக்கணமாக அதனை அவர் போற்றினார். தனிமனிதன் ஒருவனுக்கு அது நல்ல அறிவுரையாகலாம். நிருவாகமொன்றுக்கு அது மிகக் கெட்ட அறிவுரை. ஞாயிற்றுக் கடிகைக்கு இருண்ட பொழுது இல்லாத பொழுது. ஆனால் அப்பொழுதிலும் யாரோ ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

கண்டிச் சுற்றாடலின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரையிலே தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அதற்குமுன் இம்மலைகளிற் கோப்பி விளைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வடமத்திய காடுகளூடாக நடந்து, மாத்தளை வழியே இம்மலைகளை அடைந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பது வரலாற்றாசிரியரிடையே இன்றும் தீராத விவாதம். ஒருசாரார் பல்லாயிரமென்பர், மற்றொருசாரார் அது மிகைக் கணக்கென்பர். விவாதம் தீராமைக்குக் காரணம் அக்காலத்தில் எண்ணத் தெரியாமையன்று. அதே ஆட்சியின் அதே நூற்றாண்டிலே மழை அங்குலத்தின் நூறிலொரு பங்கு வரை அளந்து குறிக்கப்பட்டது. மழைத்துளியைப் பிரித்தெண்ணிய கை, வழியில் விழுந்த ஆளை எண்ணவில்லை. ஒன்று பயிரின் விலையைத் தீர்மானித்தது. மற்றதன் இடத்துக்கு இன்னொருவன் வருவான் என்று கொள்ளப்பட்டது.

ஆதலின் ‘எண்ணாதே’ என்பது இக்கட்டுரையின் முடிவாதல் இயலாது. எண்ணப்படாதோரே பெரிதும் துன்புற்றனர். எல்லைக்கோடு உயிரைக் காக்கும் இடங்களும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவுகளுக்கு மூன்று படிகளை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம். இங்கும் கோடு மனிதர் இட்டதே. 149 மில்லிமீற்றரில் மலை உறுதியாய் நிற்குமென்று எவரும் ஆணையிடவில்லை. ஆனால் இக்கோடு, தான் யாருக்காக இடப்பட்டதோ அவருக்குச் சொல்லப்படுகின்றது. அவர் அதனைத் தாமே ஒரு நேரிய வாயகன்ற பாத்திரத்தை முற்றத்தில் வைத்தும் அண்ணளவாகப் பார்த்துக்கொள்ளலாம். கோடு அளக்கப்படுபவரின் கையிலும் இருக்கின்றது. மடுவத்துத் தராசுக்கும் இம்மழைமானிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நாட்களை மட்டும் எண்ணுவதன் கேடு என்னவென்பதை 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி காட்டிற்று. அச்சில நாட்களில் மலைநாட்டில் எங்கணும் மண்சரிந்தது; கண்டி மாவட்டம் மிகப் பெரிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மழை நாட்களின் ஆண்டுக் கணக்கில் அவை வெறும் சில நாட்கள். மார்கழித் தூறல் விழுந்த ஒரு நாளும் அந்நாட்களில் ஒன்றும் அக்கணக்கில் ஒவ்வோர் எண்ணே. ஊரின் மழை நாட்கள் கூடவில்லை, குறையவுமில்லை என்று ஓர் அட்டவணை உண்மையாகவே கூறலாம். அவ்வுண்மைக்குக் கீழே ஒரு லயம் முழுவதும் புதைந்து கிடக்கலாம்.

வெயில் நல்லது, மழை தீயது என்னும் எளிய பாகுபாடும் இங்கே நில்லாது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் இளங்கோவடிகள் திங்கள், ஞாயிறு, மழை என மூன்றையும் ஒருசேரப் போற்றினார். ஒன்றை நன்னாளென்றும் மற்றதைத் தீநாளென்றும் பிரித்தாரில்லை. கண்டியிலும் அப்படியே. எசல பெரஹராவுக்கு மழை வேண்டி எடுக்கும் விழா என்றொரு மரபுரையும் உண்டு. ஊர்வலம் காண வீதியோரம் இடம்பிடித்திருப்பவரோ அன்றிரவு மட்டும் மழை வேண்டாம் என்றே வேண்டுவர். கட்டுகஸ்தோட்டைக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டதும், 1985 இல் விக்ரோறியா நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியதும் இந்நாட்டின் விளக்குகளைக் கண்டியின் மழையோடு கட்டிவைத்தன. 1996 இல் வரட்சி நீடித்தபோது நாடெங்கும் மணிக்கணக்காக மின்வெட்டு நிகழ்ந்தது. வெயில் நாட்கள் மிகுந்தமையால் இரவுகள் இருண்டன. பின்னர் 2016 இலிருந்து அரசு கூரைமேற் சூரியப் பலகைகளை ஊக்குவிக்க, வெயில் நாள் மின்னாகி வீட்டுக்கு வருவாயும் ஆயிற்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, தொழிலகங்கள் மூடப்பட்டு மின்தேவை வீழ்ந்தமையால், பகல்வேளையில் அப்பலகைகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. முப்பதாண்டுக்குள் ஒரே வெயில் மூன்று முகம் காட்டிற்று. கண்டியின் வானம் ஒன்றே. அதன்கீழ் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு வேறு.

ஆகவே ‘எத்தனை வெயில் நாட்கள்’ என்று கேட்பவனிடம் ‘யாருக்கு’ என்று திருப்பிக் கேட்பது விதண்டாவாதமன்று. உல்லாசப் பயணிக்கு ஒரு விடை, நெல் உலர்த்தும் தும்பறை விவசாயிக்கு ஒரு விடை, நீர்த்தேக்கத்தின் பொறியியலாளருக்கு ஒரு விடை. இவ்விடைகள் வேறுபடுவதால் உண்மையே இல்லை என்றாகாது. வெயிலட்டையின் தடம் தடந்தான், மழைமானியின் நீர் நீர்தான். அளவீடு பொதுவானது. அளவீட்டிலிருந்து தீர்ப்புக்குச் செல்லும் அந்த ஓரடியே பொதுவானதன்று. அவ்வடியை யார் எடுத்துவைத்தார், எடுத்தவர் அதற்குப் பொறுப்பேற்கின்றாரா, அதனாற் குறையுறுபவர் அதனைக் கேள்வி கேட்க இடமுண்டா என்பனவே கேட்கத்தக்கவை.

வெயிற்பதிகருவியைக் கையாளும் நிலையங்களில் ஒரு நல்ல நெறி உண்டு. ஞாயிறு தலைகாட்டாத நாளிலும் அட்டையை அன்றே கழற்றி, தேதியிட்டு, மற்ற அட்டைகளோடு அடுக்கி வைப்பர். தடமேதும் இல்லாத அந்த வெற்றட்டையும் ஒரு பதிவாகும். பின்னொரு நாள் அதனை எடுத்துப் பார்ப்பவர், அன்று வெயில் இல்லை என்று அறிவாரேயன்றி, அன்று எவரும் பார்க்கவில்லை என்று கொள்ளார். மலையில் இறங்கி நின்றும் மழையாலோ வரட்சியாலோ கூடை நிறையாது திரும்பியவளின் நாளுக்கு அத்தகையதோர் அட்டை வேண்டும். செக்ரோலின் ஓரத்தில், அன்றைய மழையளவைக் குறிக்க ஒரு சிறு நிரல் இருந்தாலே அது போதும். அந்நிரலை நிரப்ப வேண்டிய எண் அடுத்த ஏட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது. காலை 8.30 மணிக்கு அவ்வெண்ணைக் குறிப்பதற்கு அலுவலர் மழைமானியருகே வரும்போது, பெரட்டுக்களத்திலிருந்து புறப்பட்ட கொழுந்துக்காரி மலையேறி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும்.